வயசானா பிரஷர் வரத்தான் செய்யுமா?

“அறுபது ஆயிடுச்சு, இனிமே பிரஷர் இல்லாம இருக்குமா?” வீட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இப்படி ஒரு பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். வயதானால் முடி நரைக்கிறது, பார்வை மங்குகிறது. அந்த வரிசையில் ரத்த அழுத்தமும் ஏறத்தான் செய்யும் என்று பலரும் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நம்பினார்கள். வயதோடு 100-ஐக் கூட்டு, அந்த எண்ணுக்குள் இருந்தால் கவலை இல்லை என்று ஒரு கணக்கே வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கு தப்பு. அது தப்பு என்று எப்படித் தெரியவந்தது என்பதையும், அதில் பத்து வயதுப் பிள்ளைகளான உங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதையும் பேசலாம், வாருங்கள்.

முதலில் உங்கள் உடம்பையே தொட்டுப் பாருங்கள். இடது உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர் கீழே வலது கையின் இரண்டு விரல்களை மெதுவாக அழுத்தி வையுங்கள். துடிக்கிறதா? அங்கே ஓடுவது ஒரு தமனி. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்களுக்குத் தமனிகள் என்று பெயர். இதயம் சுருங்கும்போதெல்லாம் ரத்தம் தமனிக்குள் பாய்கிறது. தமனியின் சுவர் விரிகிறது. அந்த விரிவைத்தான் உங்கள் விரல் நாடியாக உணர்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை இது நடக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அவர் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

அப்படித் தள்ளப்படும் ரத்தம் தமனிச் சுவரை அழுத்துகிறதே, அதுதான் ரத்த அழுத்தம். அது இல்லாவிட்டால் ரத்தம் மூளைக்கு ஏறாது, கால்விரல் நுனிக்கும் போய்ச் சேராது. “அவருக்கு பி.பி. இருக்கு” என்று சொல்கிறோம். உண்மையில் உயிரோடு இருக்கும் எல்லோருக்கும் பி.பி. இருக்கிறது. அது அளவுக்கு மேலே ஏறி, இறங்காமல் அங்கேயே நின்றுவிட்டால்தான் ஆபத்து.

மருத்துவர் ஏன் இரண்டு எண் சொல்கிறார்? 120-க்கு 80 என்கிறாரே? இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும் நேரத்தில் தமனியில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். மேலே உள்ள எண் அது. அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்து, ரத்தத்தை நிரப்பிக்கொள்ளும். அப்போது அழுத்தம் இறங்கும். கீழே உள்ள எண் அது. இறங்கினாலும் பூஜ்யத்துக்குப் போவதில்லை, கவனித்தீர்களா? விரிந்த தமனிச் சுவர் மீண்டும் சுருங்கி, இதயம் ஓய்வெடுக்கும் அந்தக் கணத்திலும் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நல்ல தமனி என்பது வெறும் குழாய் இல்லை. இதயத்தோடு சேர்ந்து அதுவும் வேலை செய்கிறது.

120 என்றால் 120 எது? கிலோவா, லிட்டரா? 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசம். ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை அந்த உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் வலிமை என்று பொருள். பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனமானது. அதே அழுத்தம் தண்ணீரை 160 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்திவிடும். உங்கள் உயரத்தைவிட அதிகமாக இருந்தாலும் இருக்கும், அளந்து பாருங்கள்.

ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் மருத்துவர் இல்லை. இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு பெண் குதிரையைப் படுக்கவைத்துக் கட்டி, அதன் தொடைத் தமனிக்குள் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீளமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் குழாயில் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. இந்தச் சோதனையைத் தன் புத்தகத்தில் 1733-ஆம் ஆண்டு வெளியிட்டார். அறிவியலுக்கு அது பெரிய செய்தி. குதிரைக்கு அது கொடுமை. இந்த முறையில் மனிதர்களை அளக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும்.

குத்தாமல், கிழிக்காமல் எளிதாக அளக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1896-இல் இத்தாலியின் டூரின் நகர மருத்துவர் ரீவா-ரோச்சி, சைக்கிள் ட்யூபை எடுத்து, கையைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒன்றைச் செய்தார். அதில் காற்றடித்தால் பட்டை கையை இறுக்கும், தமனி நசுங்கும், மணிக்கட்டில் நாடி நின்றுபோகும். காற்றை மெல்ல இறக்கும்போது நாடி எந்த இடத்தில் திரும்ப வருகிறதோ, அதுதான் மேல் எண். கீழ் எண்ணை அவரால் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1905-இல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். நசுங்கிய தமனியில் ரத்தம் முண்டியடித்து நுழையும்போது ‘டப், டப்’ என்று ஒலி கேட்கத் தொடங்குகிறது. தமனி முழுதாகத் திறந்துகொண்டதும் ஒலி அடங்குகிறது. தொடங்கும் இடம் மேல் எண். அடங்கும் இடம் கீழ் எண். இவ்வளவு எளிமை! இன்றைக்கும் மருத்துவர் உங்கள் கையில் பட்டையைக் கட்டிக் காதில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டால், அவர் காத்திருப்பது அந்த ஒலிக்காகத்தான்.

இங்கே ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதன் தலை இதயத்துக்கு 2 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே ரத்தம் ஏற வேண்டுமே! அதனால் அதன் ரத்த அழுத்தம் நம்முடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனிதருக்கு அப்படி இருந்தால் சிறுநீரகமும் மூளையும் தாங்காது. ஒட்டகச்சிவிங்கியோ சுகமாக மேய்கிறது. அதன் இதயத்தின் இடது கீழறைச் சுவர் மிகத் தடிமன். கால்களின் தோல் இறுக்கமாக இருப்பதால் ரத்தம் காலில் தேங்கி வீங்குவதில்லை. 2021-இல் விஞ்ஞானிகள் ஒட்டகச்சிவிங்கியின் ஒரு மரபணுவைப் போல எலியின் மரபணுவை மாற்றிப் பார்த்தார்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் கொடுத்தபோது, மற்ற எலிகள் பட்ட பாட்டை அந்த எலிகள் படவில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளில் அந்த விலங்கின் உடம்பு உயர்ந்த அழுத்தத்துக்கென்றே அமைந்துவிட்டது. நம் உடம்பு அப்படி அமையவில்லை.

சரி, மனிதருக்கு அழுத்தம் ஏறினால் உடனே தெரியாதா? தலை வலிக்காதா, மயக்கம் வராதா? இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே தெரிவதில்லை. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. படுக்கையிலிருந்து நீங்கள் சட்டென்று எழும்போது ரத்தம் காலுக்கு இறங்கப் பார்க்கும். உடனே அந்த முனைகள் மூளைக்குச் செய்தி அனுப்பும். இதயம் வேகமாகத் துடிக்கும். குழாய்கள் சற்றுக் குறுகும். மூளைக்குப் போகும் ரத்தம் குறையாது. இத்தனையும் ஒன்றிரண்டு நொடிக்குள் நடந்துவிடும். நம்மிடம் யாரும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால், இந்த நரம்பு முனைகள் அந்த உயரத்தையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்கின்றன. பிறகு எச்சரிக்கை எங்கிருந்து வரும்?

அதற்குள் உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். வெயிலில் கிடந்து கிடந்து விறைத்துப்போன ரப்பர் குழாயைப் பார்த்திருப்பீர்கள். ஓயாத அழுத்தத்தால் தமனிச் சுவரும் தடித்து, அப்படித்தான் விறைத்துப்போகிறது. விறைத்த குழாயில் ரத்தத்தைத் தள்ள இதயம் இன்னும் பாடுபட வேண்டும். அதன் தசை தடித்து, கடைசியில் தளர்ந்துபோகும். மூளையில் ஒரு குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம் வரும். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் கெடும். கண்ணின் விழித்திரையில் உள்ள மெல்லிய குழாய்கள் கசியும். முதல் அறிகுறியே பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்பதும் உண்டு.

அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும் இப்படித்தான் உள்ளே சேதம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944 மார்ச்சில், ஹோவர்டு புரூன் என்ற இளம் இதய மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். ரத்த அழுத்தம் 186-க்கு 108. இதயம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. சில ஆண்டுகளாகவே அவருடைய அழுத்தம் ஏறிக்கொண்டு வந்திருந்தது. ஆனால் அவருடைய தனி மருத்துவரோ, அந்த வயதுக்கு அதிபர் நன்றாகவே இருக்கிறார் என்று நாட்டுக்குச் சொல்லிவந்தார். வயதுக்கு இது சரிதான் என்ற பழைய நம்பிக்கை! புரூன் உப்பைக் குறைக்கச் சொன்னார், சிகரெட்டைக் குறைக்கச் சொன்னார், இதயத்துக்கு மருந்து கொடுத்தார். அழுத்தத்தை நன்றாக இறக்கும் மாத்திரை எதுவும் அன்று கிடையாது. 1945 ஏப்ரல் 12 அன்று தலையின் பின்பக்கம் கடுமையாக வலிக்கிறது என்று சொன்ன ரூஸ்வெல்ட் மயங்கிச் சாய்ந்தார். அப்போது அளந்தபோது அழுத்தம் 300-க்கு 190. மூளையில் ரத்தக்கசிவு. அன்றே உயிர் போனது. அவருக்கு வயது 63.

இதே காலத்தில் அமெரிக்கர்கள் நிறையப் பேர் இதய நோயால் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. 1948-இல் அரசு ஒரு காரியம் செய்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்காம் என்ற ஊர். அங்கே நோய் இல்லாத 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் பரிசோதித்து, யாருக்கு என்ன ஆகிறது என்று பொறுமையாக எழுதிவைத்துக்கொண்டே வந்தார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆய்வு இன்றும் நடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் இப்படிப்பட்டதுதான். வெடிச்சத்தம் இல்லை, பளிச்சென்ற கருவி இல்லை. சாதாரண ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து கையை நீட்டினார்கள், அவ்வளவுதான். அழுத்தம் உயர உயர மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன. வயதானவர்களுக்கும் அப்படித்தான் என்று அவர்கள் கொடுத்த எண்கள் காட்டின. ‘வயதோடு 100’ என்ற கணக்கு அதோடு செல்லாமல் போனது.

ஆபத்து என்பது தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம். வயதானால் ஏறுவதை யாரால் தடுக்க முடியும்? அது விதியா?

அதற்குப் பதில் அமேசான் காட்டிலிருந்து வந்தது. பிரேசிலும் வெனிசுவேலாவும் சந்திக்கும் இடத்தில் யானோமாமி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். வாழைக்காய், கிழங்கு, பழம், வேட்டையில் கிடைப்பது, ஆற்று மீன் – இவைதான் உணவு. உப்பு சேர்த்துக்கொள்ளும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. 32 நாடுகளில் 52 இடங்களில் 10,000-க்கும் மேற்பட்டவர்களை அளந்து 1988-இல் வெளிவந்த ‘இண்டர்சால்ட்’ என்ற பெரிய ஆய்வில் அவர்களும் இருந்தார்கள். யானோமாமிப் பெரியவர்களின் சராசரி ரத்த அழுத்தம் சுமார் 95-க்கு 61. இளைஞருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, முதியவருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. வயதோடு ஏறவே இல்லை!

அவர்களுடைய பிறவி வாகு அப்படி என்று யாராவது சொல்லலாம். 2018-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு அதையும் சோதித்தது. யானோமாமிகளுக்குப் பக்கத்திலேயே, அதே காட்டில் யெக்வானா என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பகுதியில் சிறு விமானம் இறங்கும் இடம் இருக்கிறது. உப்பும் பாக்கெட் உணவும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்கின்றன. யெக்வானா மக்களின் அழுத்தம் வயதோடு ஏறியது. 10 வயதில் இரண்டு இனப் பிள்ளைகளுக்கும் இடையே மேல் எண்ணில் ஏறத்தாழ 6 வித்தியாசம். 50 வயதில் அது ஏறத்தாழ 16. இரண்டு சிறு இனங்களை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்டக் கூடாது. யானோமாமிகள் ஒல்லியானவர்கள், நாள் முழுக்க நடப்பவர்கள்; உப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. வயது ஏறுவதால் மட்டும் அழுத்தம் ஏறுவதில்லை. நாம் எப்படிச் சாப்பிடுகிறோம், எப்படி வாழ்கிறோம் என்பதும் சேர்ந்துதான் ஏற்றுகிறது. அந்த ஏற்றம் 10 வயதிலேயே தொடங்கிவிடுகிறது. சிறுவர் இதழில் போய் பிரஷரைப் பற்றி எதற்கு என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

உப்பு என்ன செய்கிறது? உப்பில் உள்ள சோடியம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முறுக்கு தின்றால் தாகம் எடுக்கிறதே, அதே காரணம்தான். ரத்தத்தில் சோடியம் கூடினால் தண்ணீரும் கூடும்; ரத்தத்தின் அளவு பெருகும்; அழுத்தம் ஏறும். கூடுதல் உப்பை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பொறுப்பு. இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக வெளியே அனுப்பி, மற்றதைத் திரும்ப ரத்தத்துக்கே கொடுத்துவிடுகின்றன. அபாரமான உழைப்பு. ஆண்டுக்கணக்கில் உப்பைக் கொட்டிக்கொண்டே இருந்தால் அவையும் திணறும். அதே உப்பை வெளியே தள்ள இன்னும் அதிக அழுத்தம் தேவைப்படும். எல்லோருக்கும் ஒரே அளவில் இது நடப்பதில்லை. சிலருடைய உடம்பு உப்புக்கு அதிகமாகவே ஆடும்.

ஏறியதை உணவால் இறக்க முடியுமா? ரூஸ்வெல்ட் இறந்த அதே காலத்தில், அதே நாட்டில், டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் இதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அவர் கொடுத்தது உப்பில்லாத சோறும் பழமும் சர்க்கரையும்! கடுமையான ரத்த அழுத்தத்தோடு வந்த பலருக்கு அழுத்தம் இறங்கியது. வீங்கியிருந்த இதயம் சுருங்கியதை எக்ஸ்ரே படங்கள் காட்டின. ஆனால் அந்த உணவை நீண்ட நாள் சாப்பிடப் பெரும்பாலானவர்களால் முடியாது. மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் முயல்வதும் ஆபத்து. “நாமும் சோறுதானே சாப்பிடுகிறோம்” என்று மகிழ்ந்துவிடாதீர்கள். நம் சோற்றோடு சாம்பாரும் ஊறுகாயும் அப்பளமும் வருகின்றன.

சாதாரண மக்கள் சாப்பிடக்கூடிய வழியை 1997-இல் வெளிவந்த ‘டாஷ்’ என்ற ஆய்வு காட்டியது. 459 பேருக்கு 8 வாரம் ஆய்வாளர்களே சமைத்துப் போட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அமெரிக்க உணவு. இன்னொரு பிரிவினருக்குக் காய், பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்கள், பருப்பு, கொட்டைகள் அதிகம். உப்பை மாற்றவில்லை, யாரையும் எடை குறைக்க விடவில்லை. அப்படியும், ரத்த அழுத்தம் உயர்ந்திருந்தவர்களுக்கு இரண்டாம் பிரிவில் மேல் எண் சராசரியாக 11 இறங்கியது. இரண்டே வாரத்தில் இறக்கம் தெரிந்தது. உப்பையும் சேர்த்துக் குறைத்தால் இன்னும் இறங்கும் என்று 2001-இல் அடுத்த ஆய்வு சொன்னது. காய் பழங்களில் உள்ள பொட்டாசியம், சோடியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்ற உதவுகிறது என்பது இதற்கு ஒரு காரணம்.

இதற்கு அமெரிக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, வாழைத்தண்டு, வாழைப்பழம், கொய்யா, பாசிப்பயறு, கேழ்வரகு, உப்பு குறைத்த மோர் எல்லாம் அந்தப் பட்டியலுக்குப் பொருந்தும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் பொட்டாசியம் அதிகமுள்ள பழம், இளநீர் போன்றவற்றை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சின்னத் தேக்கரண்டி அளவு. உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது? நான்கு பேர் உள்ள வீட்டில் அது 30 நாளில் தீர்ந்தால், 1000-ஐ 120-ஆல் வகுங்கள்: ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். கொஞ்சம் சிந்தியும் கழுவியும் வீணாகும் என்று வைத்துக்கொண்டாலும் அதிகம்தான். இதில் கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், மிக்சர், சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா, கருவாடு எதுவும் சேரவில்லை. மேல்நாடுகளில் பெரும்பகுதி உப்பு பாக்கெட் உணவிலிருந்து வருகிறது; நம் நாட்டிலோ இன்னமும் அதிகம் சேர்வது அடுப்படியில்தான். இதை நான் நல்ல செய்தியாகத்தான் பார்க்கிறேன். அடுப்படி நம் கையில் இருக்கிறதே!

பாக்கெட்டின் பின்பக்கம் ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. கடையில் வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

“கல் உப்பு நல்லது, இந்துப்பு பிரஷரைக் கூட்டாது” என்று சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு எல்லாமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அயோடின் கலந்த உப்பு உடம்புக்குத் தேவை. அதை மாற்றாமல் அளவை மட்டும் குறைக்க வேண்டும். ஒரேநாளில் உப்பைப் பாதியாக்கினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். மெல்ல மெல்லக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிக்கொள்ளும். சாப்பாட்டுத் தட்டில் உப்பு வைப்பதை நிறுத்துவது, தயிர்ச் சோற்றுக்கு ஊறுகாய்க்குப் பதில் வெள்ளரியோ வெங்காயமோ கடித்துக்கொள்வது, ரசத்துக்கு உப்பைக் குறைத்து மிளகு, சீரகம், எலுமிச்சையைக் கூட்டுவது – இப்படி அம்மாவோடும் அப்பாவோடும் சேர்ந்து நீங்களே யோசிக்கலாம்.

உணவுக்கு அடுத்தது ஓட்டமும் நடையும். ஓடும்போது ரத்த அழுத்தம் ஏறத்தான் செய்கிறது. ஆனால் ரத்தம் வேகமாகப் பாயும்போது குழாய்களின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. தினமும் நடப்பவர்களுக்கு, நடக்காத நேரத்திலும் அழுத்தம் இறங்கியிருக்கும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட விறுவிறு நடை. உங்களுக்குத் தினமும் 60 நிமிட ஆட்டபாட்டம். அதிக எடை உள்ளவர்களுக்கு ஒரு கிலோ குறைந்தால் மேல் எண்ணில் ஏறத்தாழ 1 குறையும். புகையிலையும் மதுவும் அழுத்தத்தை ஏற்றும். நல்ல தூக்கம் இறக்கும்.

இவ்வளவும் செய்தால் மாத்திரை வேண்டாமா? சிலருக்கு வேண்டாமல் போகலாம், பலருக்கு வேண்டும். அதை முடிவுசெய்வது மருத்துவர். மருந்துகளுக்கும் அருமையான வரலாறு உண்டு. நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தா அழுத்தத்தை இறக்குவதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் நோயாளிகளிடம் சோதித்து, 1949-இல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ என்ற மருத்துவ இதழில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் ‘கேப்டோபிரில்’ என்ற மருந்துக்கு வழி பிறந்தது. 1981-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வழிவந்த மருந்துகளைக் கோடிக்கணக்கானவர்கள் இன்று சாப்பிடுகிறார்கள். ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காதது நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது! தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அப்படியும் “நார்மல் ஆயிடுச்சு” என்று பாதியில் நிறுத்திவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையால்தான் நார்மல் ஆகியிருக்கிறது. நிறுத்தினால் மறுபடி ஏறும். சர்ப்பகந்தாவையோ வேறு பச்சிலையையோ தாங்களாகச் சாப்பிடுவதும் கூடாது.

வீட்டில் அளக்கும் கருவி இருந்தால் அதற்கு நீங்கள் பொறுப்பேற்கலாம். அளந்துகொள்ளப் போகிறவர் அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பீடி, சிகரெட் எதையும் தொடக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் வைத்து, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசைமேல் இதயத்தின் மட்டத்துக்கு இருக்க வேண்டும். தொங்கவிட்டால் எண் பொய்யாக ஏறும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரே ஒருமுறை கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். மருத்துவரைப் பார்த்ததுமே பதற்றத்தில் சிலருக்கு ஏறிவிடும். வேறு வேறு நாள்களில் அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் வயதுக்கு இந்த எண்கள் பொருந்தா. பிள்ளைகளுக்கு வயது, உயரம் பார்த்து மருத்துவர் கணக்கிடுவார்.

உலகத்தில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டவர்களில் 140 கோடிப் பேருக்கு ரத்த அழுத்தம் உயர்ந்திருக்கிறது. அவர்களில் ஐந்தில் இருவருக்கு மேல் அது இருப்பதே தெரியாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி, மாமா, அத்தை – எல்லோரிடமும் இந்த வாரம் ஒரு கேள்வி கேளுங்கள்: “கடைசியா எப்போ பிரஷர் பாத்தீங்க?” “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்று பதில் வந்தால், அவரைத்தான் முதலில் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்க்கக் காசு வாங்குவதில்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.